ஓவியத்து அரண்மனையில் நாம் எங்கே நிற்கிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் அரண்மனை ஓவியங்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. நல்ல படங்கள், நல்ல அச்சு. முதலில் அதற்கு நன்றி சொல்லிவிடுகிறேன், ஓவியத்துக்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்குகிற நாளிதழை இன்றைக்குத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் ஒரு படத்தின் அடியில் "அக்கால அரசவையை அப்படியே கண்முன் நிறுத்தும் ஓவியம்" என்று போட்டிருந்தீர்கள். அந்த "அப்படியே" என்ற ஒரே சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். இடம் இல்லையென்றால் வெட்டிப் போடுங்கள், ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்வதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அந்தப் படம் பெஞ்சமின் வெஸ்ட் வரைந்தது. முகலாயப் பேரரசர் ஷா ஆலம் உயரமான சிம்மாசனத்தில், விதானத்தின் கீழே, பட்டும் சரிகையுமாக அமர்ந்திருக்கிறார். எதிரே கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ். வங்காளம், பீகார், ஒரிசா மூன்றிலும் வரி வசூலிக்கும் திவானி உரிமையை எழுதிய சுருளைப் பேரரசர் அவர் கையில் கொடுக்கிறார், சுற்றிலும் பெரிய மனிதர்கள், பின்னால் யானை. பார்க்கிற யாருக்கும் ஒரு மாபெரும் தர்பார் நடக்கிறது என்றுதான் தோன்றும். உண்மையில் அது 1765 ஆகஸ்டில் அலகாபாத்தில், கிளைவின் கூடாரத்துக்குள் நடந்த காரியம். சிம்மாசனம் என்று எதுவும் அங்கே கிடையாது. சாப்பாட்டு மேசை மேல் ஒரு கை வைத்த நாற்காலியைத் தூக்கி வைத்து, துணி போட்டு மூடி, அதில் பேரரசரை உட்கார வைத்தார்கள். வெஸ்ட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. படத்தை வரைந்ததோ சுமார் 1818-இல், சம்பவம் நடந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. அப்போது கிளைவும் இல்லை, ஷா ஆலமும் இல்லை. சாப்பாட்டு மேசையை அரண்மனை ஆக்கியது தூரிகைதான். ஒரு கம்பெனி, மூன்று மாகாணங்களின் வரியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டதை, ஒரு பேரரசர் மனமுவந்து தன் சபையில் வைத்துக் கொடுத்ததாகக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஒரு அரண்மனை தேவைப்பட்டது, வரைந்து கொடுத்தார்கள்.

கிளைவ் என்றால் கடலூர்க்காரர்களுக்கு யாரோ அல்ல. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தப்பி ஓடிவந்தது நம் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்குத்தான். 1756-இல் அதே கோட்டைக்குத் துணை ஆளுநராக வந்தார். கெடிலம் கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டையின் மிச்சத்தை நடந்துபோய்ப் பார்க்கலாம், கொஞ்சம் செங்கல், கொஞ்சம் மேடு. நாங்கள் கிளைவை அறிந்தது அந்தச் செங்கல் வழியாக. உங்கள் வாசகர்களின் பிள்ளைகள் அவரை அறிவது அந்தச் சிம்மாசனப் படம் வழியாக என்றால் எனக்குத் தாங்கவில்லை.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதைவிட முக்கியம், என் அப்பா நாடகப் படுதா, அதாவது மேடையின் பின்னால் தொங்குகிற ஓவியத் திரை, எழுதியவர். "வரைந்தவர்" என்று நாங்கள் சொல்வதில்லை, படுதா எழுதுவது என்றுதான் பேச்சு. கடலூர் முதுநகரிலும் புதுச்சேரியிலும் ஸ்பெஷல் நாடகம் நடத்திய சபாக்களுக்கு எழுதிக் கொடுத்தார். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-இல் புதுச்சேரியில் காலமாகி கருவடிக்குப்பத்தில் அடக்கமானவர் அல்லவா, அதனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அங்கே போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் தூரிகையைத் தொடுவார். தெரு படுதா, காட்டு படுதா, தோட்டப் படுதா எல்லாம் எழுதுவார், ஆனால் கூலி அதிகம் தர்பார் படுதாவுக்குத்தான். ஒரு செட்டில் அது சரியாக அமையாவிட்டால் ராஜபார்ட் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ராஜாவாக நிற்க மாட்டார் என்பது அப்பாவின் கருத்து.

காடாத் துணியை மூங்கில் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாக்குப் பொடியும் வஜ்ஜிரப் பசையும் கலந்து பூசிக் காயவைப்பார். காய்ந்ததும் நடுவில், கீழிருந்து சுமார் மூன்றடி உயரத்தில், ஒரு ஆணி அடிப்பார். அந்த ஆணியில் நூலைக் கட்டி, நூலில் கரியைத் தேய்த்து, இழுத்துத் தட்டுவார். தூண்களின் தலைப்பக்கக் கோடெல்லாம் மேலிருந்து இறங்கி அந்த ஆணிக்கு வரும், தரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் போகும் சதுரங்களின் கோடெல்லாம் கீழிருந்து ஏறி அதே ஆணிக்கு வரும். கண்மட்டம் ஏன் இவ்வளவு தாழ என்று ஒருமுறை கேட்டேன். ஜனங்கள் மணலில் உட்கார்ந்து பார்க்கிறார்கள், அவர்கள் கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கோடு, அப்போதுதான் தூண் தலைக்கு மேல் போகும், அண்ணாந்து பார்ப்பார்கள் என்றார். ஆணி அடித்த இடத்துக்கு நேர் முன்னால்தான் ராஜபார்ட் நிற்க வேண்டும். காவலாளி வேஷக்காரர் படுதாவை ஒட்டி நிற்கக் கூடாது, நின்றால் எழுதிய தூணின் உயரத்துக்கு அவர் தெரிவார், அரண்மனை பொம்மை வீடாகிவிடும். அவரைச் சைடு தட்டியோரம் தள்ளிவிடுவார்கள். கடைசி வரிசையில் தூக்கக் கலக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளின் கண்ணைக்கூட இருபது கோடுகள் இழுத்துக்கொண்டு போய் ராஜாவின் மார்பில் விடும். ராஜா வாயைத் திறப்பதற்கு முன்பே பாதி அதிகாரத்தைத் துணி கொடுத்துவிட்டது.

அதனால்தான் அரண்மனை ஓவியம் எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி, ஆணி எங்கே? அதாவது யார் எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று இதை எழுதியிருக்கிறார்கள்? உங்கள் கட்டுரை தங்க நிறத்தையும் நகைகளையும் பற்றி நிறையப் பேசியது, அதெல்லாம் சரி, ஆனால் தங்கத்தைப் பார்த்து யாரும் தலை குனிவதில்லை. நாம் நிற்கிற இடத்தைத் தாழ வைத்துவிட்டால் தலை தானாகக் குனியும்.

பிரான்சின் வெர்சாய் அரண்மனையைப் பியேர் பட்டேல் 1668-இல் வரைந்த படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பறவை மேலிருந்து பார்ப்பதுபோல் அரண்மனை, அதன் பின்னால் தோட்டம், தோட்டம் அடிவானம் வரை. கீழே சாலையில் ராஜாவின் வண்டியும் குதிரைகளும் வந்துகொண்டிருக்கின்றன. மனிதன் பலூனில் ஏறிப் பறந்தது 1783-இல், அதாவது பட்டேல் நின்று பார்த்ததாகக் காட்டுகிற அந்த இடத்தில் அப்போது பூமியில் யாருமே நிற்க முடியாது. கடவுள் பார்க்கிற இடத்திலிருந்து பார்த்தாலும் எல்லைச் சுவர் கண்ணில் படாத சொத்து என்று காட்டுவதற்காக அந்த உயரத்தைக் கற்பனை செய்திருக்கிறார். பதினான்காம் லூயி அப்போது முப்பது வயதுக்காரர், அப்பா கட்டிய வேட்டை மாளிகையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார், அரசவை அங்கே குடிபோனதே 1682-இல்தான். கட்டடம் பாதியில் நிற்கும்போதே ஓவியம் முழு அரண்மனையின் வேலையைச் செய்தது.

அதே லூயியை 1701-இல் இயாசிந்த் ரிகோ வரைந்த படத்தை நீங்களும் போட்டிருந்தீர்கள். படம் ஒன்பது அடி உயரம். நீல மேலங்கி, அதில் தங்க லில்லிப் பூ, உள்பக்கம் வெள்ளை மென்மயிர், காலை ஒரு பக்கமாகத் திருப்பி நீட்டி நிற்கிறார். அறுபத்துமூன்று வயதுக் கிழவர், ஆனால் கால் இளைஞனுடையது. ஸ்பெயின் ராஜாவான பேரனுக்கு அனுப்புவதற்காக வரையச் சொன்னது, படம் பிடித்துப்போய்த் தன்னிடமே வைத்துக்கொண்டார். இதில் அரண்மனை எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பெரிய தூண், முடிச்சுப் போட்டு ஒதுக்கிய ஒரு சிவப்புத் திரை, ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு தூணும் ஒரு திரையும் இருந்தால் மனசு மீதி அரண்மனையைத் தானே கட்டிக்கொள்ளும்.

இதைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கடலூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. அப்பா அங்கே பின்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு தூண், ஒரு சிவப்புத் திரை, நாலு படிக்கட்டு, பூந்தொட்டி வைத்த ஒரு கைப்பிடிச் சுவர். அப்பா லூயியைக் கேள்விப்பட்டதுகூடக் கிடையாது, எங்கோ பார்த்த படத்தைப் பார்த்து எழுதிய ஒருவரின் படத்தைப் பார்த்து எழுதினார், அப்படித்தான் அந்தத் தூண் பாரீசிலிருந்து முதுநகர் வந்து சேர்ந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் அங்கே வந்து, ஸ்டுடியோவில் தொங்குகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். தோள் தானாக நிமிரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முதலாளி முன்னால் கூனி நிற்கிற அதே ஆட்கள். அந்தப் படங்கள் இன்றைக்கும் எத்தனையோ வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன, அவற்றைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. எழுதிய தூண் ஒன்று மனிதனை எவ்வளவு நிமிர்த்தும் என்பதை நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அதே தூண் மற்றவர்களை எவ்வளவு குனிய வைக்கும் என்பதும் தெரியும்.

சரி, வெர்சாய்க்கே திரும்பி வருகிறேன், ஏனென்றால் அங்கே நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம் இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கண்ணாடி மண்டபம் என்று ஒன்று, 73 மீட்டர் நீளம். அதன் உட்கூரை முழுக்க ஷார்ல் லெ புரன் லூயியின் வெற்றிகளை வரைந்தார், 1684-இல் முடிந்தது. கிரேக்கத் தெய்வங்களுக்கு நடுவே ராஜா உட்கார்ந்திருக்கிறார், டச்சுக்காரர்களை அடக்குகிறார். வெளிநாட்டுத் தூதர்கள் அந்த நீள மண்டபத்தை நடந்து கடக்கும்போது கழுத்தை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும், தங்கள் நாட்டின் தோல்வி தலைக்கு மேலே. அந்தக் கூரையின் வண்ணம் காய்ந்து ஒன்பதே வருஷம், 1693-இல், அதே டச்சுக்காரர்கள் புதுச்சேரியைப் பிடித்துக்கொண்டார்கள். 1674 முதல் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மர்த்தேன் சிறுகச் சிறுக உருவாக்கிய ஊர். 1699 வரை அது டச்சுக்காரர் கையில்தான். இது எந்தக் கூரையில் இருக்கிறது?

திப்புவின் தரியா தவுலத் மாளிகையும் அப்படித்தான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-இல் கட்டியது, சுவரெல்லாம் ஓவியம். 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துப் பக்கம் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையைத் தோற்கடித்த போர் ஒரு சுவர் முழுக்க. ஆங்கிலேயச் சிப்பாய்கள் சதுரமாக வளைத்து நிற்கிறார்கள், நடுவில் வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, பெய்லி பல்லக்கில். சிப்பாய்களின் முகமெல்லாம் ஒரே அச்சு. ஹைதரும் திப்புவும் யானையும் குதிரையுமாக அலட்டிக்கொள்ளாமல் வருகிறார்கள். கத்துகிறவன், பதறுகிறவன் எல்லாம் தோற்றவன், ஜெயித்தவன் முகத்தில் சலனமே இருக்காது, அரண்மனை ஓவியங்களில் எந்த நாட்டிலும் இது ஒரு இலக்கணம். எனக்கு அந்தச் சுவர் ரொம்பப் பிடிக்கும், இரண்டு தடவை போய் நாள் முழுக்க நின்றிருக்கிறேன். ஆனால் அடுத்த வருஷமே, 1781 ஜூலை 1, நம் பரங்கிப்பேட்டையில் ஹைதர் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றார். அதற்குச் சுவர் கிடையாது. 1799-இல் திப்பு விழுந்த பிறகு ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி அந்த மாளிகையில் குடியிருந்தார், பின்னால் டல்ஹவுசி காலத்தில் ஓவியத்தைப் புதுப்பிக்கவும் செய்தார்கள். தங்கள் தோல்வியைக் காட்டுகிற சுவரையே பராமரிக்கிற அளவுக்கு அவர்கள் கை ஓங்கியிருந்தது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

வெர்சாயில் இல்லாத புதுச்சேரி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இல்லாத பரங்கிப்பேட்டை. அந்தச் சுவர்களைப் பொறுத்தவரை நம் கடற்கரையில் ஒன்றுமே நடக்கவில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் "அப்படியே" என்று எழுதினால் எப்படி?

வெள்ளைக்காரனும் சுல்தானும்தான் இப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்துக்குப் போய்ப் பாருங்கள். கிழவன் சேதுபதி கட்டியது, உள்ளே சுவர் ஓவியங்கள் முத்து விஜயரகுநாத சேதுபதி காலத்தவை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தமிழ்நாட்டு அரண்மனை ஒன்றில் இவ்வளவு ஓவியம் மிஞ்சியிருப்பதே நம் பாக்கியம். அதில் இராஜராஜேஸ்வரி அம்மன் தன் கையாலேயே சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கிறாள். பெஞ்சமின் வெஸ்ட் படத்தில் ராஜா கம்பெனிக்குச் சுருளைக் கொடுத்தார், இங்கே அம்மன் ராஜாவுக்குச் செங்கோலைக் கொடுக்கிறாள். கொடுக்கிற கை மேலே, வாங்குகிற கை கீழே, அந்தக் கைகளைப் பார்த்தாலே எதற்காக எழுதியது என்று தெரிந்துவிடும். இன்னொரு இடத்தில் தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியைப் பார்க்க வந்து நிற்கிறார்கள். தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது. இதில் வேற்றுமை என்னவென்றால் ஆணி கிடையாது. கோடுகள் எங்கேயும் போய்ச் சேர்வதில்லை, எல்லாம் தட்டையாக, பக்கத்தில் பக்கத்தில். அப்படியானால் யார் பெரியவர் என்று எப்படித் தெரியும்? உருவத்தின் அளவாலும், உட்கார்ந்திருக்கிறாரா நிற்கிறாரா என்பதாலும், யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதாலும். ஷாஜகானின் பாதுஷாநாமா ஓவியங்களிலும் (இப்போது அவை இங்கிலாந்தில் விண்ட்சர் கோட்டையில் இருக்கின்றன) இதே கதைதான், பேரரசர் மேலே மாடத்தில் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தோடு, அமீர்கள் கீழே கம்பித் தடுப்புக்குள் வரிசை வரிசையாக, ஒவ்வொருவர் முகமும் தனித்தனியாக அடையாளம் தெரிகிற மாதிரி. ஆனால் யாரும் நம்மைப் பார்ப்பதில்லை, எல்லாக் கண்ணும் ஒரே பக்கம். நாம் இருப்பதையே அந்த ஓவியம் கண்டுகொள்வதில்லை.

புதுச்சேரிக்கு வருகிறேன், அங்கேதான் எனக்கு மனசு கனக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே இருந்த மாளிகை கடலைப் பார்த்து எவ்வளவு கம்பீரமாக இருந்தது என்று வரைபடங்களில் பார்க்கலாம், காகிதத்தில் மட்டும்தான் பார்க்கலாம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து எங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை இடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர்கள் பதிலுக்கு அந்தக் கோட்டையையும் மாளிகையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். டூப்ளேயிடம் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்து எல்லாவற்றையும் பார்த்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அதே மாதம்தான் இறந்துபோனார். ஆளுநர் மாளிகைக்குள் பல்லக்கிலேயே போகலாம் என்ற சலுகை அவருக்கு இருந்தது. ஒரு அரண்மனை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஓவியம் காட்டாத கேள்வி இதுதான், யார் வாசலில் இறங்க வேண்டும், யார் இறங்காமல் போகலாம். அதை அவருடைய நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம், யாருக்கு எத்தனை குண்டு முழங்கியது, யாருக்கு எத்தனை கஜம் துணி வெகுமதி என்பது வரை.

கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கல்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. மாலையில் அங்கே நின்று செல்ஃபி எடுக்கிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவின் பின்திரைத் தூண்தான் ஞாபகம் வரும். அப்புறம் ஆயி மண்டபம். அரசு முத்திரையிலேயே அந்த மண்டபம்தான் இருக்கிறது. கதை எல்லாருக்கும் தெரியும், ஆனால் இந்தக் கோணத்தில் ஒருமுறை கேளுங்கள். ஒரு ராஜா அந்தி நேரத்தில் வருகிறார், விளக்கெல்லாம் ஏற்றிய ஒரு கட்டடத்தைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் இடிக்கச் சொல்கிறார். அவள் அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். அவள் செய்த குற்றம் என்ன? கும்பிட வைக்கிற தோற்றம் கோயிலுக்கும் அரண்மனைக்கும் மட்டும்தான் சொந்தம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள், அந்தத் தோற்றம் அவள் வீட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவே.

இடிந்த அரண்மனையை வரைவதும் ஒரு அதிகார வேலைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கட்டுரையில் அது வரவில்லை. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் தெற்கே வந்து மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைச் சிதிலமாக வரைந்து லண்டனில் அச்சடித்து விற்றார்கள். அழகான படம், தூணெல்லாம் மரம் முளைத்த மாதிரி உயரம், கீழே இத்தினியூண்டு மனிதர்கள். லண்டனில் வாங்கிச் சுவரில் மாட்டியவருக்கு அது என்ன சொல்லியிருக்கும்? ஒரு காலத்தில் இங்கே பெரிய ராஜாக்கள் இருந்தார்கள், இப்போது யாரும் இல்லை, இடம் காலி. ஆட்கள் குடியிருந்த ஊரைப் பற்றித்தான் இப்படி.

இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸ் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஒயிட்ஹால் அரண்மனை விருந்து மண்டபத்தின் கூரைக்கு ரூபன்ஸ் வரைந்த ஓவியங்கள் 1636-இல் ஏற்றப்பட்டன, தன் அப்பா ஜேம்ஸ் ராஜா சொர்க்கத்துக்கு ஏறுகிற காட்சி. 1649 ஜனவரி 30, அதே மண்டபத்தின் வழியாக அவரை நடத்திக் கூட்டிப்போய் வெளியே தலையை வெட்டினார்கள். கூரை இன்றும் இருக்கிறது.

ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் அரண்மனை வரையுங்கள் என்றேன். நாற்பது பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே படம், நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஈட்டி பிடித்த காவலாளி, மேலே கொடி. யாருமே அடுப்படி போடவில்லை. ஒரு பெண் மட்டும், அவள் அம்மா ஒரு அலுவலகத்தில் பெருக்குகிற வேலை பார்த்தார், பெரிய படிக்கட்டு போட்டு அதில் குனிந்து பெருக்குகிற ஒரு அம்மாவைத் தாள் நிறைய வரைந்திருந்தாள், அரண்மனை பின்னால் தீப்பெட்டி அளவுக்கு. அதற்கு நான் எவ்வளவு மதிப்பெண் போட்டேன் என்று இப்போது ஞாபகமில்லை, குறைத்துப் போட்டிருப்பேனோ என்ற பயம் இன்றும் இருக்கிறது. ஏனென்றால் அந்தக் காலத்தில் எனக்கும் "அரண்மனை மாதிரியே" இருந்தால்தான் நல்ல படம்.

அப்பா எழுதிய கடைசி தர்பார் படுதாவை ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுவிழாவுக்காகக் கொடுத்திருந்தேன். சில வருஷம் கழித்துக் கேட்டபோது, மழைக்கு மணல் குவியலை மூட வெட்டி எடுத்துக்கொண்டார்கள் என்றார்கள். சிம்மாசனப் பக்கம் ஒரு துண்டு மட்டும் கிடைத்தது. பெயர் சொல்லிச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை, அது என்னவென்று தெரியாமல் செய்தார்கள். தெரிய வைக்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இது. இனிமேல் அரண்மனை ஓவியம் போடும்போது, யார் காசு கொடுத்து வரையச் சொன்னார்கள், நடந்ததற்கு எத்தனை வருஷம் கழித்து, வரைந்தவர் அதைப் பார்த்தாரா என்பதைப் படத்தின் அடியில் ஒரு வரியாவது போடுங்கள். கிளைவ் படத்துக்கு ஒரு திருத்தக் குறிப்பு, மேசையும் நாற்காலியும் உட்பட, அடுத்த ஞாயிறே வந்தால் நல்லது. இராமலிங்க விலாசத்துக்கு ஒரு முழுப்பக்கம் கொடுங்கள், வெர்சாய்க்குக் கொடுத்த அதே அளவு. கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் பக்கத்தில் யார் வீட்டுப் பரணிலாவது பழைய நாடகப் படுதாவோ ஸ்டுடியோ பின்திரையோ சுருட்டிக் கிடந்தால் அதை வெட்டவோ வெளியே போடவோ வேண்டாம் என்று வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோளும் போடுங்கள். பிரிக்கும்போது வண்ணம் உதிரும், அதனால் ஈரமில்லாத நாளில், இரண்டு பேராகப் பிடித்து, வண்ணம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி மூங்கிலிலோ குழாயிலோ சுற்றி வைக்க வேண்டும், மடிக்கவே கூடாது.

என்னிடம் காட்டு படுதா ஒன்றும் தெரு படுதா ஒன்றும், அந்தச் சிம்மாசனத் துண்டும் இருக்கின்றன. உங்கள் புகைப்படக்காரர் வருவதாக இருந்தால் காலை ஒன்பது மணிக்குள் வரச் சொல்லுங்கள், அப்போதுதான் மாடியில் வெயில் சாய்வாக விழும், துணியில் ஆணி அடித்த ஓட்டையும் அதிலிருந்து போகிற கரிக்கோடும் தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.